பூங்காவனத்துக்கு வயிற்று வலி இல்லை

மலை சுற்றும் பாதையை ஒட்டிய அந்த ஊரில் பூச்சி மருந்து குடித்துச் செத்த எல்லோருக்கும் வயிற்று வலிதான். "பொறுக்க முடியாத வயித்துவலிங்க" என்று சொல்லிவிட்டால் போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விடுவார். புருஷன் மேல் பழி வராது, அப்பன் மேல் வராது, ஊர் மேலும் வராது. பாஞ்சாலையின் மூத்த மகள் பூங்காவனம் செத்தபோதும் அதையேதான் சொன்னார்கள். சொன்னவன் பாஞ்சாலையின் புருஷன் சுப்பன். பாஞ்சாலை பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. எண்பத்து மூன்று வைகாசியில், இளையவள் பச்சையம்மாளும் கீழ்பென்னாத்தூரில் வாழப்போன வீட்டிலிருந்து அக்காவைப் போலவே துணிமூட்டையோடு திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து பேச்சில்லை. தட்டில் வைத்த களி காய்ந்து கிடந்தது. ஆசை ஆசையாய்ப் போட்டிருந்த கல் வைத்த தோட்டை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னாத்துக்குடி குடுத்த?"

"எனக்கு இனிமே எதுக்கும்மா?"

பாஞ்சாலைக்குப் புரிந்துவிட்டது. கூரை எரவாணத்தில் செருகியிருந்த மருந்து டப்பாவை எடுத்து வைக்கோல் போரில் புதைத்தாள். மனசு கேட்காமல் மறுபடி எடுத்து மாட்டுக்கொட்டகையில் ஒளித்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு எரவாணத்தில் ஒரு டப்பா. எதிர்வீட்டில் ஒன்று. தன் வீட்டை மட்டும் காத்து என்ன ஆகப்போகிறது? ஊரே எடுத்தால்தான் மகள் மிஞ்சுவாள்.

திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வரும் சுகாதார நர்ஸ் ரஹமத்திடம் போய் நின்றாள்.

"நர்சம்மா, அம்மைக்குப் போடுற மாதிரி இதுக்கு முன்கூட்டியே போடுற ஊசி எதுவும் இல்லையா?"

"இருந்தா ஊருக்கே போட்டிருப்பேனேக்கா. நான் ஒரு யோசனை எழுதிக் குடுத்தா சுவத்துல ஒட்டுவாங்க, ஆடு தின்னுட்டுப் போவும். ஊரைக் கேப்போம். இன்னா செய்யலாம்னு அவங்க வாயாலயே வரட்டும்."

திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டுவது பற்றிப் பேச ஊர் கூடியது. அந்தக் கூட்டத்திலேயே ரஹமத் எழுந்து கேட்டாள். கோயில் தர்மகர்த்தா, சுப்பனுக்கு அண்ணன் முறையான ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படி இன்னாம்மா பெருசா நடந்துபோச்சு? நாலு பேருக்கு வயித்துவலி. மாத்திரை இருந்தா குடுத்துட்டுப் போங்க."

"பொண்ணுங்கள டவுனுக்கு சினிமாவுக்கு அனுப்பாம இருந்தா போதும்" என்றான் நெல் போட்டிருந்த சகாதேவன். "கொட்டாய்ல அழுதுட்டு வர்றாளுங்க, வந்து வூட்லயும் அழுவுறாளுங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு.

"செத்ததுல பாதி ஆம்பளைங்கண்ணே. அவங்க எந்தக் கொட்டாய்க்குப் போனாங்க?" என்றாள் ரஹமத்.

சிரிப்பு நின்றது. அந்த இடைவெளியில் பாஞ்சாலை எழுந்தாள்.

"எம் பொண்ணு பூங்காவனத்துக்கு வயித்துவலி இல்ல."

"ஏய், உக்காரு" என்றான் சுப்பன்.

"மாட்டேன். வாழ முடியலன்னு வந்தா. 'வந்த வழியே போ'ன்ன நீ. அவ கைய நீட்டினா, டப்பா எட்டுச்சு. அந்த ஒரு மத்தியானம் எட்டாம இருந்திருந்தா, அழுது தீத்துட்டு சாயங்காலம் சோறு தின்னிருப்பா."

"பாஞ்சால, வாய வுடாத. பழசக் கிளறினா போலீஸ் வரும்" என்றார் ஆதிமூலம்.

"வரட்டும் மாமா. விலங்கு மாட்டினாலும் மாட்டட்டும். இன்னொருத்திய வாசல்ல கிடத்தி வச்சிட்டு இன்னொரு தடவை வயித்துவலின்னு சொல்ல எனக்கு நாக்கு வராது."

"அதுக்கு எங்கள இன்னா பண்ணச் சொல்ற?"

"காப்பு கட்டிட்டா வூட்ல கருவாட்டுச் சட்டியக்கூட வச்சிக்க மாட்டீங்க. கொண்டுபோய் வெளிய கவுத்துடுவீங்க, தீட்டுன்னு. பொணம் வுழவச்ச டப்பா மட்டும் எரவாணத்துல இருக்கலாமா? அது தீட்டு இல்லையா?"

சகாதேவன்தான் முதலில் சுதாரித்தான்.

"குருத்துப்பூச்சி இன்னா காப்பு கட்டிக்கினா இருக்குது? நாளைக்கே நெல்லுக்கு மருந்து அடிக்கணும்."

"வந்து கேளு, குடுப்போம். வயலுக்கு எடுத்துப் போ. பொழுது சாய மீதியக் கொண்டாந்து வை. திருவிழாவுக்கு அம்மன் வாகனமெல்லாம் வெளிய வந்துடும், வாகன ரூம் காலியாத்தானே கெடக்குது?"

"அம்மன் கோயில்லயா வெஷத்த வைக்கிறது!" ஆதிமூலம் எழுந்தேவிட்டார்.

"வூட்ல புள்ளைங்க தலைக்கு மேல வைக்கலாம், கோயில்ல வைக்கக் கூடாதா?"

கேட்டது பாஞ்சாலை இல்லை. ஆதிமூலத்தின் செத்துப்போன தம்பியின் மனைவி ஜோதியம்மாள். அவள் ஊர்க்கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க தம்பிக்கும் வயித்துவலி இல்ல மாமா. மல்லாட்டைப் பயிர கம்பளிப்பூச்சி மொட்டையடிச்சிட்டுப் போச்சே, அந்த வருஷம். புழுவுக்குன்னு வாங்கி வச்சது கைக்கு எட்டுற எடத்துல இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஆதிமூலம் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு பூட்டு போதாது, இரண்டு போடணும் என்றது ஒரு குரல். சாவி பெண்கள் இருவரிடம் இருக்கட்டும் என்றது இன்னொன்று. பாஞ்சாலையிடம் ஒன்று, ஜோதியம்மாளிடம் ஒன்று என்று முடிவாயிற்று.

"கேக்க வர்றவங்க மொகம் சரியில்லன்னா?" என்றாள் ரஹமத்.

"டப்பா கிடையாது. உக்கார வச்சு கூழ் குடுப்போம்" என்றாள் ஜோதியம்மாள்.

"அப்புறம் தனியா வுடாதீங்க. கூடவே இருங்க, எனக்கும் ஆள் அனுப்புங்க. அந்த நேரம் தாண்டிட்டா மனசு எறங்கும்க்கா. பிழைச்சவங்க எங் கையப் புடிச்சிக்கினு காப்பாத்துன்னுதான் கெஞ்சுறாங்க."

"எனக்கு மொகமே இப்படித்தான். நான் இன்னா செய்யறது?" என்றான் சகாதேவன்.

"உனக்கு ரெண்டு செம்பு கூழ்."

இந்தத் தடவை பெண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகம்.

காப்பு கட்டிய காலையில் முதல் டப்பாவைக் கொண்டுவந்தவன் சுப்பன். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனான். வெயில் ஏறுவதற்குள் ஊர் டப்பாக்கள் அத்தனையும் உள்ளே போய்விட்டன.

பாரதம் படிக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், கோயிலுக்குப் பின்பக்கம் போன பாஞ்சாலை வாகன அறைக் கதவின் முன்னால் பச்சையம்மாள் நிற்பதைக் கண்டாள்.

"சாவியக் குடும்மா."

"தரமாட்டேன்."

"நெல்லுக்குத்தான்."

"நமக்கு இப்ப ஏதுடி நெல்லு?"

பச்சையம்மாள் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். பூட்டுகள் ஆடின, திறக்கவில்லை. "நான் இருந்து யாருக்கு இன்னா பண்ணப்போறேன்? சொல்லு!"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு. எங்கூட இரு. எனக்கு அது போதும்."

பச்சையம்மாள் அப்படியே சரிந்து உட்கார்ந்து கதறினாள். வந்த நாளிலிருந்து அவள் அழுதது அன்றுதான். பாஞ்சாலை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு வந்த ஜோதியம்மாள் ரஹமத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, கூழ்ச் செம்போடு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். பாரதக்காரர் குரல் மைக்கில் ஓய்ந்தது. மலையின் நிழல் வயலைத் தாண்டி அவர்கள் கால்வரை வந்தது.

"பசிக்குதும்மா" என்றாள் பச்சையம்மாள்.

அன்றிலிருந்து ரஹமத் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வருவாள். அவளிடம் பச்சையம்மாள் பேசினாள். கீழ்பென்னாத்தூரில் நடந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள்.

தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். மறுநாள் ஆதிமூலம் பாஞ்சாலை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் சாவியக் குடு. வாகனமெல்லாம் உள்ள போவணும். டப்பாவ அவங்கவங்க எடுத்துக்கினு போவட்டும்."

"தரமாட்டேன் மாமா. வாகனத்துக்கு வேற கொட்டாய் போடுங்க."

"அம்மன் வாகனத்த வெளிய நிறுத்தச் சொல்றியா? யார் குடுத்த தைரியம் இது? காப்பு அவுத்தாச்சு, தெரியுமில்ல?"

"நீங்க அவுத்தீங்க. நான் அவுக்கல."

பாஞ்சாலை கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

ஆதிமூலம் அதையே பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சுப்பனிடம் திரும்பினார். "ஏண்டா, பாத்துக்கினே இருக்கியே, நீயாவது கேக்க மாட்டியா?"

சுப்பன் வாளியைக் கீழே வைத்தான்.

"கொட்டாய்க்கு மூங்கில் நான் தரேண்ணே."

உள்ளேயிருந்து பச்சையம்மாள் தட்டும் கையுமாக வாசலுக்கு வந்தாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, பெரியப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடுத்துடாதம்மா."