கந்தம்மாள் ஏறிய கட்டில்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் ஏன், எப்படி என்று கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சினிமாத் திரைக்குள் போய்விட்டாள் என்றால், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்றுதான் விசாரிக்கிறார்கள். துணிக்குள் ஆள் எப்படிப் போக முடியும் என்று ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் நெசவுக்காரர் சரவணமுத்து. போனவள் அவருடைய மனைவி கந்தம்மாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்துமூன்றாம் வருஷம் ஆவணி மாதம், ஏரிக்கரை டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்து மணலிலிருந்து எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் திரைக்குள் ஏறிப் போனாள்.

கந்தம்மாளுக்கு மாயக்கதை என்றால் உயிர். வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு எழுத்துத் தெரியாது. சந்தையில் விற்கிற பெரிய எழுத்துப் புத்தகங்களின் அட்டையில் பூதத்தையும் பறக்கும் குதிரையையும் பார்த்துவிட்டு, அவற்றுக்காகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றும்போது எதிரே புத்தகத்தை விரித்து, பக்கம் புரளாமல் ஒரு தார்க்குச்சியைக் குறுக்கே வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். தறிக்குழியில் இருக்கும் சரவணமுத்து, அந்தச் சத்தம் காதில் விழாதபடி தறிப்பலகையை ஓங்கி அடிப்பார். குழந்தை இல்லாத வீடு. அவளுக்குப் பேச்சுக்கு அவர்தான். அவரோ பேசுகிறவர் இல்லை. ஏரிக்கரையில் கொட்டகை வந்த பிறகு புத்தகப் பைத்தியம் படப் பைத்தியமாக முற்றியது. அழுகைப் படம், காதல் படமெல்லாம் அவளுக்கு ஆகாது. மந்திரவாதி வேண்டும், கடலுக்குள் கதவு வேண்டும். பார்த்துவிட்டு வந்து குற்றமும் சொல்வாள்: “பூதத்துக்கு நெழலு உளுவுதுங்க. பூதத்துக்கு ஏதுங்க நெழலு? ஏமாத்தறானுவ.” ஒவ்வொரு படத்துக்கும் கிளம்பும்போது, “ஏனுங்க, ஒருக்கா நீங்களுந்தான் வாங்களே” என்பாள். “வெறும் வெளிச்சத்தப் பாக்க நான் எதுக்கு? பகல்ல பாக்காத வெளிச்சமா?” என்பார் அவர். அவள் தனியாகத்தான் போய்வந்தாள்.

அந்த வருஷக் காற்றில் கொட்டகைத் திரை கிழிந்தது. கொட்டகைக்காரர் அருணகிரி புதுத்திரை நெய்து தரச் சொல்லி சரவணமுத்துவிடம் வந்தார். நூலுக்குத் திண்டாட்டமான காலம், அவரே எங்கோ பிடித்து நூல் கொண்டுவந்து கொடுத்தார். கஞ்சி வேண்டாம், வெறும் துணி போதும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டும் போனார். ஆனால் கஞ்சி ஏறாத துணி அந்தத் தெருவிலிருந்து வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. விறைப்பில்லாத துணியைக் கொடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போதாதென்று, நெய்து, பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்து முடித்த பிறகும் மொடமொடவென்று இன்னொரு கஞ்சி போட்டுக் கொடுத்தார் சரவணமுத்து. வினை அதில்தான் வந்தது. வெளிச்சம் அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டது. முதலில் ஓடியது ஒரு தீவுப் படம். அதில் ஒரு கயிற்றுக்கட்டில் பறக்கும். படம் முடிந்து படப்பெட்டி சேலத்துக்குத் திரும்பிப் போன பிறகும் கட்டில் திரையிலேயே நின்றது. அடுத்து வந்த பக்திப் படத்தில், சாமிக்குப் பின்னால் அது அசைந்துகொண்டு திரிந்தது. ஜனங்கள் இரண்டு நாள் கூச்சல் போட்டார்கள். அப்புறம், ஒரு காசுக்கு இரண்டு படம் என்று சமாதானம் ஆகிவிட்டார்கள்.

கந்தம்மாள் அந்தக் கட்டிலைப் பார்ப்பதற்காகவே தினமும் போனாள். அவள் எழுந்து நடந்த அன்று பக்கத்தில் இருந்தவள் எதிர்வீட்டுச் செல்லியம்மாள். “எங்கக்கா போற, மறைக்குதே?” என்று கேட்டிருக்கிறாள். “கட்டில்ல கயிறு தொய்ஞ்சு கெடக்குது, இழுத்துக் கட்டிட்டு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை.

சரவணமுத்து இதை நம்பவில்லை. கோபித்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ராசிபுரத்துக்கு நடந்தே போனார். அக்காள் சுப்பம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, “தெரைக்குள்ள இருக்கறாளாமே, எளச்சுப் போனாளாங்க?” என்று கேட்டாள். தண்ணீரைக் குடிக்காமல் திரும்பி வந்தார். ஊர் அதற்குள் பழகிவிட்டது. எந்தப் படம் ஓடினாலும், ராஜாவின் சபைக்குப் பின்னால் கந்தம்மாள் குடத்தோடு குறுக்கே போவாள்; யுத்தச் செய்திப் படத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் சேலை காயப்போடுவாள். பூதங்களை அதட்டி வேலை வாங்குகிறாள் என்றார்கள். நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முகம் தெளிச்சியாக இருக்கிறது என்றார்கள். இடைவேளையில் பெண்கள் திரைக்குக் கிட்டப் போய் ஊர்ச்சேதி சொல்வார்கள், அவளும் கேட்பாள். ஒரு நாள் செல்லியம்மாள் வந்து, “மாமா, அக்கா கேட்டுச்சு, ரசம் வெக்கத் தெரியுதான்னு” என்றாள். “தெரியும்னு சொல்லு” என்று சொல்லிவிட்ட சரவணமுத்து, உடனே சுதாரித்து, “யாருகிட்டச் சொல்றது? போ, போய் உன்ற வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்தார்.

கஞ்சி போனால் எல்லாம் போய்விடும் என்று யோசனை சொன்னவர் அருணகிரி. “நீங்க ஒரு வார்த்த சொன்னாத் துவைச்சுப் பாத்தர்லாமுங்க. அக்கா எறங்கி வந்தாலும் வரும்.” செல்லியம்மாள் சண்டைக்கு வந்தாள்: “சாயம் போற மாதிரி அக்காவும் தண்ணியோட போயிட்டா யாரு பொறுப்பு?” இல்லாத ஆள் எங்கே போகிறது, துவைங்க என்றார் சரவணமுத்து. நாலு பேர் திரையைச் சுருட்டி ஏரிக்குத் தூக்கிப் போனார்கள், பின்னாலேயே அவரும் போனார். துணியின் ஓரம் தண்ணீரில் பட்டதும் அவர் வேட்டி நனைய இறங்கி அதைப் பிடுங்கிக்கொண்டார். “கல்லுல அடிச்சாத் தையல் உட்டுப்போகும். யாரு தெச்சதுன்னு என்னையத்தான் பேசுவாங்க. கொண்டுபோய்க் கட்டுங்க” என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரமான ஓரத்தை அவரே தோளில் போட்டு வெயிலில் நின்று காயவைத்துக் கொடுத்தார்.

வருஷம் இரண்டு போயிற்று. தனிக்கட்டையாகத் தாரும் அவரே சுற்றினார், நெய்தும் கொடுத்தார். யுத்தம் முடிந்த வருஷம் கொட்டகையின் லைசென்சும் முடிந்து, அது ஓமலூர்ப் பக்கம் போவதென்று ஆயிற்று. கடைசி நாள் முதல் ஆட்டத்துக்குச் சரவணமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். ஆம்பிளைகள் பக்கம் மணலில் உட்கார இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. கந்தம்மாள் கட்டிலில் இருந்தாள். பழைய தீவுப் படத்தின் கடல் கீழே நெளிந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள், பிறகு கட்டிலில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“வந்துட்டீங்களா? ஏறுங்க. கயிறெல்லாம் நல்லா இறுக்கிக் கட்டிட்டனுங்க, பயப்படாதீங்க.”

கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தன், “ஏறுங்க மாமா, எங்களுக்குப் படம் மறைக்குது” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லியம்மாள் அழுதாள். சரவணமுத்து திரையை நெருங்கிப் போய், அவள் முகம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அவள் கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். அவர் கைக்கு நூல்தான் தட்டியது. இழையும் இழையும். சூடும் இல்லை, ஈரமும் இல்லை. கையை நன்றாக அழுத்திப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

“துணி” என்றார், யாருக்கென்றும் இல்லாமல்.

அவர் திரும்பி நடந்தபோது அவருடைய நிழல் ஒரு கணம் கட்டிலின் காலி இடத்தில் விழுந்து, விலகியது. அந்த இடத்தை அவள் அதற்குப் பிறகும் யாருக்கும் விடவில்லை என்று ஓமலூரில் படம் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய ராஜாக்கள் வந்தாலும் நின்றுகொண்டுதான் பேச வேண்டுமாம். கொட்டகையைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, அவர் தெருமுனைக்கு வருகிறவரைக்கும், “ஏனுங்க, ஏனுங்க” என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கிக் குழாய் என்றால் அப்படித்தான் கத்தும் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.