ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை இரவு, மகன் அம்மாவின் கைப்பையைச் சாப்பாட்டு மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தான்.

கண்ணாடிக்கூடு விழுந்தது. நூல்கண்டு உருண்டுபோய்த் தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது. சீப்பு, தலைவலித் தைலம், கொண்டை ஊசியில் செருகிய பஸ் டிக்கெட்டுகள். உதறிய உதறலில் கடைசியாக ஒரு லாட்டரிச் சீட்டு.

மருமகள் பஸ் டிக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். "பாருங்க, எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு."

"போறப்ப அவர் எடுப்பார். வர்றப்ப நான் எடுப்பேன்" என்றாள் அம்மா.

மகனுக்கு நாற்காலி, மேசை விற்கும் கடையில் வேலை. எதிராளி முதலில் மறுப்பார், பிறகு மழுப்புவார், கடைசியில் வழிக்கு வருவார் என்பதுதான் அவன் தொழில் கற்ற விதம். அம்மாவும் மறுப்பாள் என்று நம்பி, மாடிப்படி ஏறும்போதே பதில்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். அவள் முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டதில் அத்தனை சரக்கும் வீணாகிவிட்டது.

"பார்க்குல அந்த வாட்ச் ரிப்பேர் ஆளோட உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கே. என் மச்சான் கண்ணால பாத்திருக்கார்!"

"அவருக்குச் சர்க்கரை இருக்குடா. நான்தான் சாப்பிட்டேன். அவர் கப்பைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்."

"உனக்கு அம்பத்திமூணு வயசும்மா!"

"அம்பத்திநாலு."

"அப்பா போன வீடும்மா இது!"

"அவர் போய்ப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. பத்தொம்பது வருஷமா நான் காஜா எடுத்த காசுலதான் இந்த வீடு ஓடுச்சு."

சட்டைத் தொழிற்கூடத்தில் பித்தான் துளைகளுக்கு நூல் கட்டுவது அவள் வேலை. காஜாக்காரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். அவள் குரலை உயர்த்தவில்லை. உருண்ட நூல்கண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அந்த பெஞ்சு உனக்கும் தெரியும். இடது பக்கம் கால் ஆடும். நீ இவளைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப, பஸ்ஸுக்குக் காசு நான்தான் குடுத்தேன்."

மருமகள் பஸ் டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அது வேற" என்றான் மகன். "நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

"நாங்களும் அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

மகன் முகம் கறுத்தது. பஸ் டிக்கெட்டுகளை அள்ளி நாலாகக் கிழித்தான், எட்டாகக் கிழித்தான். லாட்டரிச் சீட்டையும் கையில் எடுத்தவன், அதைக் கிழிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எவ்வளவு பெரிய கோபமானாலும் எதைக் கிழிப்பது என்று அதற்குத் தெரிந்தே இருக்கிறது. பார்க்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு என்ன வேலை, யாரோடு போயிருந்தார் என்பதை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மகன் கடிகாரக் கடை வாசலில் போய் நின்று கத்தினான். "யோவ், வெளிய வாய்யா! பேரன் பேத்தி எடுக்கற வயசுல உனக்குப் பார்க்கு கேக்குதா?" தெரு கூடிவிட்டது. கடிகாரக்காரர் அப்போது ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார். மூச்சு பட்டாலே பறந்துவிடும் உறுப்புகள். அதனால் வாயைத் திறக்காமல், உள்ளங்கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். குற்றம் இருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

அவரையும் அம்மாவையும் சேர்த்து வைத்தது ஒரு லாட்டரிச் சீட்டுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன், ஏழில் முடிகிற கடைசிச் சீட்டு ஒன்று சீட்டுக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். சீட்டுக் கடைக்காரர் பழுத்த வியாபாரி. ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம் விற்பாரே தவிர, தனக்கென்று ஒரு சீட்டு வாங்கியதில்லை. "சண்டை எதுக்கு? பாதிப் பாதி போட்டுக்கங்க, பின்னால ரெண்டு பேரும் எழுதிக்கங்க" என்று பேனாவை நீட்டினார். அதிலிருந்து வாரம் ஒரு சீட்டு. எண்ணை அவள் எடுப்பாள். வியாழக்கிழமை குலுக்கல் நடக்கும். பத்திரிகையில் வரும் முடிவை அவர் கத்தரித்து வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பிரிப்பார். விழாது. "நல்லவேளை" என்பார் அவர். "விழுந்துட்டா அடுத்த வாரம் எதைச் சாக்கா வெச்சு வர்றது?" கைப்பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுற்றிலும் இருந்த இளஞ்ஜோடிகளுக்கு நடுவில் பை கிடையாது.

அவர் செல்போன் வைத்துக்கொள்ளாத மனிதர். கேட்டால், "மணி பாக்க எனக்கு நூறு கடிகாரம் இருக்கு" என்பார். "பேசறதுக்கு?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கே."

அந்த வாரம் சீட்டு விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சீட்டுக் கடைக்காரர் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார். இரண்டாம் பரிசு. மகன் சட்டைப் பையைத் தடவினான். சட்டை துவைக்கப் போயிருந்தது. மருமகள் ஓடிப்போய் அழுக்குக் கூடையிலிருந்து அதை மீட்டு வந்தாள். ஒரு வீடு வாங்கி, அதில் மகன் விற்கும் நாற்காலிகளையே நிரப்பலாம். அவ்வளவு பெரிய தொகை.

கடைக்காரர் சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆபீசுக்குப் போகணும். இல்லேன்னா ஒருத்தர் விட்டுக்கொடுக்கறேன்னு எழுதிக் குடுக்கணும், இன்னொருத்தரும் கீழே கையெழுத்துப் போடணும். அறுபது நாள் டைம். ஆனா பாத்துக்கங்க, ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலும் அந்தப் பேப்பரு செல்லாது. ஆபீசுல மூஞ்சியில விட்டெறிவான்."

அன்று மாலையே மகன் முத்திரைத்தாளோடு கடிகாரக் கடைக்குப் போனான். மனத்தில் மூன்று விலை இருந்தது: சொல்லும் விலை, இறங்கும் விலை, அதற்குக் கீழே போகாத விலை.

"உக்காருங்க தம்பி" என்றார் கடிகாரக்காரர்.

"சார், அன்னிக்கு ஏதோ கோவத்துல…"

"பரவால்ல. சீட்டு விழுந்துச்சாமே. அவங்க எடுத்த எண்ணு."

"அதுல உங்க பங்குக்கு…"

"என்ன எழுதியிருக்கீங்க, குடுங்க."

வேலைக்குப் போட்டுக்கொள்ளும் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். கொட்டை எழுத்துக்கு அது வேண்டியதில்லை. பாதி முகத்தை மறைக்க உதவியது. பங்கு வேண்டாம் என்ற வரிக்கு அடுத்து இன்னொரு வரி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. வாங்குவதுதான் வாங்குகிறோம், பணத்தோடு மானத்தையும் சேர்த்து வாங்கிவிடலாமே என்று மகன் தானாகச் சேர்த்தது. அவர் அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

"'மேற்படி பெண்மணிக்கும் எனக்கும் எவ்வித உறவோ பழக்கமோ கிடையாது.'" பிறகு கேட்டார், "இதை அவங்க பாத்தாங்களா?"

மகன் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினான்.

"அம்மாதான் எழுதச் சொன்னாங்க."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றவில்லை. பேனாவை எடுத்துச் சின்ன எழுத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று விலையில் ஒன்றைக்கூடச் சொல்ல வேண்டி வரவில்லை. பேரம் பேசாமல் சரக்கு கிடைத்ததில் மகனுக்கு லேசான ஏமாற்றம்கூட.

எழுந்தவனை அவர் கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். "கண்ணாடியில வலது பக்கக் காலு ஆடுதுன்னாங்க. அந்த அளவு ஸ்க்ரூ கிடைக்கல, ரெண்டு வாரம் தேடி எடுத்து வெச்சிருந்தேன். யாரையாவது விட்டுப் போட்டுக்கச் சொல்லுங்க தம்பி."

மறுநாள் மாலை, முத்திரையெல்லாம் வாங்கி முடித்து, மகன் அதை அம்மா முன் வைத்தான். பொட்டலத்தையும் வைத்தான். காஜாக்காரம்மா நூலால் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டாவது வரியில் அவள் விரல் நின்றது.

"எழுதினது நீ."

"ஆமா."

"கையெழுத்து அவரோடது."

"தானாப் போட்டார்மா. ஒரு பைசா கேக்கல."

"படிச்சாரா?"

"படிச்சார்."

"படிச்சுட்டு என்ன கேட்டார்?"

மகன் முத்திரைத்தாளின் மடிப்பை நீவினான். ஆயிரம் துளைகளில் விட்டுப்போன ஒரு தையலை விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவள் அவள். "என்ன கேட்டார்டா?"

"நீ பாத்தியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அத்தே, கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்றாள் மருமகள்.

"நீதான் எழுதச் சொன்னேன்னு சொன்னேன்" என்றான் மகன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். தெருவில் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். கடிகாரக் கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துச் சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"காலையிலேயே போயிட்டார்மா. ரிப்பேருக்கு வந்த வாட்சையெல்லாம் அவங்கவங்க வீட்டுக்கே போய்க் குடுத்துட்டார். மக வீட்டுக்குன்னார். எந்த ஊருன்னு கேட்டேன். 'சொன்னா யாராவது கேப்பாங்க, அவங்களுக்குத்தான் தொந்தரவு'ன்னார்."

அவள் ஷட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வீடு திரும்பியதும், "நான் போடமாட்டேன்" என்றாள். மகன் மிரட்டிப் பார்த்தான். மருமகள் குழந்தை பிறக்கப்போகும் காலத்தைச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் மகன் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"சரிம்மா. அவரையே கட்டிக்கோ. நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன். அவர் வந்து உன்கூட ஆபீசுக்கு வந்தாப் போதும்."

"போன ஞாயித்துக்கிழமை இதைச் சொல்லியிருந்தா உனக்கு ஒரு பைசா செலவில்லடா" என்றாள் அவள். "அன்னிக்கு நான் சும்மாத்தான் கேட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்குக்குப் புறப்பட்டாள். யாரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் போனால் களைத்துவிடுவாள் என்று மகன் வாடகைக் கார் வைத்துக் கூட்டிப் போனான். அவள் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள். மகன் எதிர் பெஞ்சில் முத்திரைத்தாளோடு உட்கார்ந்தான். வாரத்துக்கு வாரம் இதுவே நடந்தது. அவர் எங்காவது அகப்படுவாரா என்று பக்கத்து ஊர்க் கடிகாரக் கடைகளையெல்லாம் விசாரித்துவர மச்சானையே அனுப்பினார்கள். பார்க் வாசலை அம்மாவைவிட ஆவலாகப் பார்த்தவன் மகன்தான். ஆறாவது வாரம் தூரத்தில் ஒரு பெரியவர் குடையோடு வந்தபோது, "அப்பா! அப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடினான். அந்தப் பெரியவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒருவர்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை மகன் அம்மாவின் பெஞ்சுக்கே வந்து உட்காரப் போனான்.

"அங்க உக்காராதே. ஆள் வரும்."

நின்றான். கண் கலங்கியிருந்தது. உண்மையான கலக்கம்தான், அத்தனை பெரிய தொகைக்கு யாருக்கும் கலங்கும். "நாளையோட முடியுதும்மா. அவர் கையெழுத்து இருக்கறது இந்த ஒரு பேப்பர்லதான். இதுவும் போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வலது கால் இன்னும் நூல்கட்டில்தான் இருந்தது. ஸ்க்ரூ பொட்டலம் பிரிக்கப்படாமல் பையில் கிடந்தது. "பேனா குடு."

மகன் சட்டைப் பைக்குள் கையை விட்ட வேகத்தில் பித்தான் தெறித்தது. அவள் கைப்பையை மடியில் படுக்க வைத்து, அதன்மேல் தாளை விரித்தாள். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் பேனாவை ஊன்றினாள். நாற்பது வருஷம் துணியில் நேர்கோடு பழகிய கை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வளையாமல், நடுங்காமல், அந்த வரியை அடித்தாள்.

"அம்மா! அடிச்சா செல்லாதும்மா!"

"தெரியும்."

பிறகு அவருடைய சின்னக் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். மை உலர ஊதினாள். மடித்துப் பொட்டலத்தோடு சேர்த்துப் பையில் வைத்து மூடினாள். மகன் ஆடும் பெஞ்சுக் காலுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த பெஞ்சின் இளஞ்ஜோடி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நீ கார்ல போ" என்றாள் அவள். "நான் பஸ்ல வந்துக்கறேன்."

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உள்பக்கமாக உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு குடுங்க."

கண்டக்டர் காலியான ஜன்னலோரத்தைப் பார்த்தார். "ஒருத்தர்தானேம்மா இருக்கீங்க?"

"ரெண்டு குடுங்க தம்பி. வர்றப்ப நான்தான் எடுப்பேன்."

கிழித்துக் கொடுத்தார். அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, இரண்டையும் சேர்த்துச் செருகினாள்.