இரண்டு இடத்தில் நின்றவன்

பெட்டியைத் திறந்ததும் ஜெரால்ட் பாவ்லக்குக்கு முதலில் எட்டியது வாசனைதான். பூஞ்சை, ஈரம் காயாத கித்தான் துணி, அதற்கும் அடியில் எங்கோ ஒளிந்திருந்த பைன் பிசின். பஃபலோ நகரத்து வக்கீல் அலுவலகத்தில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தலை பாதி நரைத்துப்போய் நின்றிருந்த மனிதர் ஒரு கணம் அரைக்கால்சட்டைப் பையனாகிவிட்டார். பக்கத்து மேசையில் ஸ்கேன் செய்துகொண்டிருந்த பெண், "என்ன சார், தும்மல் வருதா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவருடைய வேலை சொல்வதற்கு எளிது. வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு தரப்பு கேட்கும் காகிதத்தையும் படத்தையும் மறு தரப்பு எடுத்துக் கொடுத்தாக வேண்டும், அது தன் கழுத்துக்கே கத்தியானாலும். கேட்காததைக் கொடுக்கத் தேவையில்லை. எது கேட்டது, எது கேட்காதது என்று பிரித்து வைப்பதிலேயே ஜெரால்டின் முப்பது வருடம் போயிருந்தது. இப்போது வந்திருப்பவை வைட் பைன் என்ற சிறுவர் கோடை முகாமின் பெட்டிகள். அதை நடத்திய துறவிச் சகோதரர்களின் சபைக்குத்தான் அலுவலகம் வாதாடியது. சிறுவர்களிடம் நடந்த பழைய பாலியல் குற்றங்களுக்கும் வழக்குப் போடலாம் என்று சட்டம் கதவைத் திறந்துவிட்டதும், எங்கெங்கோ இருந்த நடுவயது ஆண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் டெனிஸ் க்ரோல்.

தானும் ஒரு கோடை அந்த முகாமில் இருந்தவன் என்பதை ஜெரால்ட் முதல் நாளே சொல்லிவிட்டார். எதிர்த்தரப்புக்கும் எழுதித் தெரிவித்தாயிற்று, யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்தக் கோடைதான் அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த கோடை.

அப்பா இரும்பாலையில் வேலை பார்த்தார். அந்த வருடம் வீட்டில் ஓயாத சண்டை. பங்குச் சாமியார் அம்மாவிடம் பேசி, பையனை இலவசமாக முகாமுக்கு அனுப்பி வைத்தார். காலையில் ஏரித் தண்ணீர் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் நாக்கெல்லாம் சிவக்க வைக்கும் ஒரு சர்க்கரைத் தண்ணீர். கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிப் பாட்டு. அங்கே யாருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது. சகோதரர் கிளெமென்ட் ஒவ்வொருவனுக்கும் ஒரு பறவைப் பெயர் வைப்பார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஜெரால்ட், ஆந்தை. நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வானத்தப் பாருடா ஆந்தை. தண்ணி உன்னத் தாங்கிக்கும்," என்பார். கை எப்போது விலகியது என்றே தெரியாது. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில்கூட, கண்ணை மூடினால் ஜெரால்டுக்கு அந்த ஏரியும் அந்தக் குரலும்தான் வந்து நின்றன. யாரோ ஒருவர் தன்னைத் தாங்கியிருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பெட்டியின் அடியில், அட்டைக் குழலுக்குள் சுருட்டி வைத்த நீளமான படம் ஒன்று இருந்தது. முகாமின் கடைசி சனிக்கிழமை எடுப்பது. பையன்களெல்லாம் பிறை வடிவில் நிற்பார்கள். நடுவில் முக்காலியில் வைத்த கேமரா இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பிக்கொண்டே வரும். இடது கோடியில் நிற்கும் ஒருவன், கேமரா தன்னைத் தாண்டியதும் குனிந்து, வரிசைக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடி, அது வந்து சேர்வதற்குள் வலது கோடியில் போய் நின்றுகொள்வான். படத்தில் ஒரே பையன் இரண்டு இடத்தில் தெரிவான். அவன்தான் அந்த வருடத்து ஓட்டக்காரன். அவனைத் தேர்ந்தெடுப்பது கிளெமென்ட். பரிசாக அன்று சாயங்காலமே அவனைப் படகில் ஏற்றி எதிர்த்தீவுக்குக் கூட்டிப்போவார். நெருப்பில் மீன் சுட்டுத் தின்று, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் வருவார்கள். அந்தத் தீவுக்கு ஏங்காத பையன் முகாமில் கிடையாது. ஆந்தை கோடை முழுக்க ஓடிப் பழகினான். அவன்தான் வேகமும். கிளெமென்ட் கை காட்டியதோ குருவியை. ஓடினால் மூச்சிரைக்கிற நோஞ்சான்!

க்ரோலின் மனுவைப் படித்தபோதே அந்தத் தீவும் அந்த ஓட்டமும் வந்தன. ஜெரால்ட் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓட்டக்காரன் வருடா வருடம் உண்டு. மனுவில் இருப்பது நான் போன அதே வருடம்தான், ஆனால் இந்த ஆள் வருடத்தை மாற்றி நினைத்திருப்பார். சபையும் பதில் மனுவில் அதையேதான் சொன்னது: அந்தக் கோடையில் அப்படி ஒரு பையன் வந்ததற்கு அடையாளமே இல்லை, பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டன.

இப்போது மேசையில் படம் விரிந்து கிடந்தது. இடது கோடியில் குருவி. வலது கோடியிலும் குருவி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் பிடரியில் கிளெமென்டின் கை. நடுவே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அழுத முகத்தோடு, ஆந்தை.

வக்கீல் ஷானன் டெலூகா வந்து எட்டிப் பார்த்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும், கெட்டிக்காரி.

"வருஷம் எதுவும் போட்டிருக்கா?"

"இல்ல."

"அவங்க அந்த ஒரு கோடைப் படத்ததானே கேட்டிருக்காங்க? வருஷம் தெரியாத படத்த நாம ஏன் தூக்கிக் குடுக்கணும்?" அவள் குரலில் தந்திரம் இல்லை; கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள்.

ஜெரால்டுக்கு அது நல்ல சாக்கு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குழல் பெட்டிக்குள் போய்விடும், பெட்டி கிடங்குக்குப் போய்விடும். ஏரியும், முதுகுக்கடியில் அந்தக் கையும் அப்படியே இருக்கும்.

"இது நாந்தான், ஷானன்," என்று விரலை வைத்தார். "ஒரே ஒரு கோடைதான் போனேன்."

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல, ஜெரி." அவள் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "குடுத்துருவோம். சபைக்காரங்க என்னக் கடிச்சுக் கொதறப் போறாங்க."

நகல் போதாது, மூலப் படத்தையே பார்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஒரு வியாழக்கிழமை டெனிஸ் க்ரோல் தன் வக்கீலோடு வந்தார். கனத்த உடம்பு, தடித்த விரல்கள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாராம். எதிர்த்தரப்பு ஆளிடம் வழக்கைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஷானன் அதை வாசலிலேயே ஒருமுறை ஞாபகப்படுத்தியிருந்தாள். ஜெரால்ட் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஊமையைப் போலப் படத்தை விரித்து வைத்தார்.

க்ரோல் இடது கோடியைப் பார்த்தார். பிறகு மெல்ல, ஒவ்வொரு முகமாக, பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். "வாத்து... கொக்கு... இவன் மரங்கொத்தி, செத்துப் போயிட்டான் பாவம்." அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை ஜெரால்ட் எதிர்பார்த்திருக்கவில்லை. க்ரோலுக்கும் அந்தக் கோடை வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. விரல் நடுவில் வந்து நின்றது. க்ரோல் நிமிர்ந்து ஜெரால்டின் கண்ணாடியை, மூக்கை, காதைப் பார்த்தார்.

"நீங்க... அடேய், ஆந்தையா நீ?"

"டெனிஸ், வேணாம்," என்றார் அவருடைய வக்கீல். ஷானனும் கையை உயர்த்தினாள்.

"சும்மா இருங்கய்யா, கூட இருந்த பய." க்ரோல் படத்தையே பார்த்தபடி சொன்னார். "மறுநாள் தீவுலேருந்து வந்ததும் பஸ்ல உம்பக்கத்துலதான் வந்து உக்காந்தேன். நீ எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்ட. ஊர் வர்ற வரைக்கும் மூஞ்சிய ஜன்னல் பக்கமே வச்சிருந்த." விரல் இன்னும் ஆந்தை மேலேயே இருந்தது. "உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அருவருத்துட்டுதான் நீ எழுந்து போறன்னு. ஒனக்கே தெரியும்னா ஊருக்கே தெரியுமேன்னு, அப்புறம் யார்ட்டயும் நான் வாயத் தொறக்கல."

ஷானன் ஜெரால்டைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினாள். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்த விதியை மீறாத மனிதர் அவர்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்றார் ஜெரால்ட். "பொறாமைடா. உன்னக் கூட்டிட்டுப் போனாரேன்னு. என்னைக் கூட்டிட்டுப் போகலியேன்னு. வயித்தெரிச்சல்ல எழுந்து போனேன்."

"பொறாமையா?" க்ரோல் வாயைப் பிளந்தார். "எம்மேலயா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிறு குலுங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது; துடைக்கவில்லை. அவருடைய வக்கீல் தண்ணீர்க் கோப்பையை நீட்டிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தானே குடித்தார். ஷானன் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

சிரிப்பு ஓய வெகுநேரம் ஆனது. க்ரோல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தின் இடது கோடிக்குக் குனிந்தார். ஒல்லிக் கால்களோடு, குனிந்து ஓடத் தயாராக ஒரு பாதத்தை ஏற்கெனவே பின்னால் வைத்திருந்த அந்தப் பையனைப் பார்த்தார். "இந்தப் பக்கம் சுருளுது, கொஞ்சம் புடி," என்றார். ஜெரால்ட் குனிந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.