ஐந்தாவது ஆள்

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஏரி, அதைச் சுற்றி நாணல், புதர், கொஞ்சம் மேட்டுநிலம். எல்லாம் அரசுக்குச் சொந்தம், அதாவது எல்லாருக்கும் சொந்தம். அங்கே பறவைகளை நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க விட வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அங்கே தூண்டில் போட்டு வருகிறவர்களை விரட்டவும் கூடாது. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்க விட்டு, இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்குகிற மாதிரியான உத்தியோகம். நான் வாங்கியது ஒரே ஒரு பெயர்தான். ஆள்காட்டி.

ஆள்காட்டி என்பது ஒரு பறவை. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல். மனிதத் தலை தெரிந்தால் போதும், ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தித் தீர்க்கும். நானும் அப்படித்தான் என்பது தூண்டில்காரர்களின் கண்டுபிடிப்பு. கட்டியிருக்கிற கயிற்றைத் தாண்டி யாராவது ஒரு கால் வைத்தால் விசில் ஊதுவேன். விசில் கொடுத்தது அரசாங்கம். பெயர் கொடுத்தது தக்கை.

தக்கை என்பதும் பட்டப்பெயர்தான். ஆள் சலூன் வைத்திருப்பவர். ஒல்லி உடம்பு. பேசும்போது தலை மேலும் கீழும் போய் வரும், மீன் கொத்துகிற தூண்டிலின் தக்கை மாதிரியே. தூண்டில்காரர்களுக்கு அவர்தான் தலைவர். அவருக்கு வலது கை, என் மாமனார்.

மாமா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் பெண் கொடுத்ததே ஏரிக்கரையில் நல்ல இடமாக ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் என்று தக்கை சொல்வார். அந்த நம்பிக்கையில் முதல் மாதமே மண் விழுந்தது. கயிற்றைத் தாண்டினார், அவருக்கும் ஊதினேன். அன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டது மனைவி அல்ல, என் கை.

ஏரியில் மீன்பிடிக்க அனுமதி உள்ள தூண்டில் பருவம் போன முறை முடிகிற சமயத்தில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் சோர்ந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று வருகிற டவுன் பஸ் போல வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். அந்த ஜன்னலிலிருந்து தெரிகிற ஒரே நீர்நிலை எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொன்னாள். மற்ற விரல்கள் ஏதோ மனது வைத்தன. ஆள்காட்டி விரல் மட்டும் அசைய மறுத்தது. "உங்க பேரு வெச்ச விரல், எப்படி உருப்படும்?" என்று என்னைப் பார்த்தாள் மனைவி. சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் மாமா பந்தையே கீழே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

"எதுக்கு மாட்டேங்கறீங்கன்னு கேட்டா சுவரைப் பாக்கறாரு," என்றாள் மனைவி ஒரு நாள் சமையலறையில், குரலைத் தாழ்த்தி. "அவருக்கு ஏரித் தண்ணியக் காட்டணுங்க. தூண்டில் பருவம் திறக்கற அன்னிக்கு அவரு கரையில இருக்கணும். இல்லேன்னா இந்தச் சுவரோடயே முடிஞ்சிடுவாரு."

"சக்கர நாற்காலி போற மாதிரி அங்க வழி இல்லையே."

"வழி போடறதும் உங்க வேலைதானே? இல்ல, அடைக்கறது மட்டுந்தானா?"

தக்கை வாராவாரம் வந்து மாமாவுக்குச் சவரம் செய்வார். மாமாவை ஏரிக்குக் கொண்டுபோக என்ன வழி என்று அவரிடம் கேட்டேன். அவர் நுரை தடவிக்கொண்டே, "வழி எதுக்கு சார்? அண்ணே, நாங்க நாலு பேரு இருக்கோம். நாற்காலியோட அலுங்காம குலுங்காமத் தூக்கிட்டுப் போயிடறோம்," என்றார்.

மாமா நுரைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தார். "நாலு... பேரு," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுக்கு... ஒரு நாள்... வரும்."

தக்கை நாக்கைக் கடித்துக்கொண்டார். சவரக் கத்தி சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது.

ஆக, தூக்குகிற பேச்சு அத்தோடு முடிந்தது. நான் வழி போட ஆரம்பித்தேன். ஏரியின் வடக்கே, நாணலுக்கு நடுவில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை உண்டு. முடிவில் தண்ணீருக்கு மேல் ஒரு மரமேடை. பாதையில் பொடிச் சரளை கொட்டி, உருளை விட்டுச் சமன் செய்தோம். மேடையின் உளுத்த பலகைகளைத் தச்சர் மாற்றினார். கோப்பில் "முதியோர் மற்றும் நடமாட இயலாதோர் நலன் கருதி" என்று எழுதினேன். பொய்யில்லை. அந்த முதியோரில் முதல்வர் என் வீட்டு முன்னறையில் இருந்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. சரளை நன்றாகப் படியட்டும் என்று, பருவம் திறக்கும் நாள்வரை பாதையின் கதவைப் பூட்டி வைத்தேன்.

இதற்கிடையில் தெற்குச் சரிவுக்கு ஒரு ஜோடி ஆள்காட்டிகள் வந்து சேர்ந்தன. தூண்டில்காரர்களுக்கு அதைவிடப் பிரியமான கரை கிடையாது. கூட்டின் கிட்டே போனால் பறவை கலவரப்படும் என்பது எங்கள் பாடம். அதனால் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். பெட்டை சரிவில் ஓரிடத்தில் அடைகாப்பது போல உட்கார்ந்தது. யார் வந்தாலும் எழுந்து கத்தியது. மறுபடி வந்து உட்கார்ந்தது. போதாதா? சரிவு முழுக்கக் கயிறு கட்டி, "இப்பகுதியில் பொதுமக்கள் பிரவேசிக்கலாகாது" என்று பலகையும் நட்டேன்.

"முட்டையப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் தக்கை.

"கிட்டப் போய்ப் பாக்கக் கூடாதுங்கறதுதான் விதி."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"அதான் பறவையே சொல்லுதே."

"ஆமாமா. உங்களுக்குள்ள ஒரே பாஷை," என்றார் அவர்.

பருவம் திறந்த நாளின் காலை நன்றாக விடிந்தது. மாமாவுக்குப் புதுச் சட்டை. மடியில் அவருடைய பழைய தூண்டில். முகத்தில் தக்கை முந்தின நாள் செய்துவிட்டுப் போன சவரம். நான் நாற்காலியைத் தள்ள, மனைவி பக்கத்தில் நடந்து வந்தாள். ஓட்டுநர் என்னவோ அவர்தான். "லெப்ட்டு," என்றார். "மெதுவா," என்றார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, "லைசென்ஸ்... எவன்... குடுத்தான்?" என்றார். மூன்று சொல். வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுவது அவ்வளவுதான். மனைவி என்னைப் பார்த்தாள். சொன்னேனா இல்லையா என்று அர்த்தம்.

கதவைத் திறந்து பாதையில் ஏறினோம். சரளையில் சக்கரம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து ஆள்காட்டி தலைக்குமேல் வந்து கத்த ஆரம்பித்தது. வட்டமடித்தது, தாழப் பறந்தது, பிறகு ஏரியைக் கடந்து தெற்குச் சரிவுக்குப் போய், கயிற்றுக்குள்ளே அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா மாமா, கூட்டைக் காக்கப் போயிடுச்சு," என்றேன் பெருமையாக.

மாமா பறவையைப் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர் பாதையைத்தான் பார்ப்பார்.

"பிரேக்கு," என்றார்.

நிறுத்தினேன். "என்னாச்சு மாமா?"

கைப்பிடிமேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது என்று சொன்னால் பொய். மற்ற விரல்களைவிட்டு ஒரு நெல்லளவு விலகி, முன்னால் நீண்டது. அவ்வளவுதான். அது காட்டிய இடத்தில் சரளைக் கல் கிடந்தது. பக்கத்திலும் சரளைக் கல். குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சில கற்கள் மட்டும் கற்களாக இல்லை. மண்நிறம், கறுப்புத் திட்டு, ஒரு முனை கூர்ந்து, நான்கும் உள்நோக்கித் தலைவைத்துக் கிடந்தன.

முட்டைகள்.

ஆள் நடமாட்டமில்லாத, பூட்டிவைத்த, பொடியாகச் சலித்த சரளை. மாமனாருக்காக நான் விரித்த மெத்தையில் பறவை பிரசவித்திருக்கிறது. தெற்கே நான் கயிறு கட்டிக் காத்ததெல்லாம் அதன் நடிப்பை. முட்டையில்லாத இடத்தில் அடைகாப்பதுபோல் உட்கார்ந்து எதிரியை ஏமாற்றும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். எதிரி நான்தான் என்று படிக்கவில்லை.

மேடை கண்ணுக்கெதிரே இருந்தது. புதுப் பலகை, அதற்குக் கீழே வெயில் பட்ட தண்ணீர். ஒரு பேருந்தின் நீளம்தான் பாக்கி.

"ஓரமாப் போயிட முடியாதா?" என்றாள் மனைவி, மெல்ல. இரண்டு பக்கமும் நாணல். சக்கரத்தைச் சற்றே சாய்த்தால், ஒருவேளை முடியும். இன்று ஒரு நாள் மட்டும் என்று என் மனமும் சொல்லியது. என் உத்தியோகத்தில் முதல்முறையாகச் சட்டைப்பையில் இருந்த விசில் கனத்தது.

"மாப்ளே," என்றார் மாமா. கண்கள் தண்ணீர்மேல் இருந்தன. வெகுநேரம் இருந்தன. பிறகு, "ரிவர்ஸ்."

மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கதவை மறுபடி பூட்டினேன். நானே போட்ட வழியை நானே அடைத்தாயிற்று.

அடுத்து தெற்குச் சரிவு. எல்லாரும் பார்க்கக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். பலகையையும் பிடுங்கினேன்.

"என்ன சார்," என்றார் தக்கை. "குஞ்சு பொரிச்சு, பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?"

"இங்க முட்டையே இல்ல. நான் ஏமாந்துட்டேன். முட்டை வடக்குப் பாதையில இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் தலை தண்ணீருக்குள் முங்கி எழுந்தது போல ஆடியது. கூட இருந்த மூவரும் சிரித்தார்கள். அப்போதுதான் மேட்டில் மனைவி தள்ளிக்கொண்டு வந்த நாற்காலி நிற்பதைப் பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே நின்றது.

"வடக்குப் பாதையா? அப்ப அண்ணனுக்கு?"

"அவருதான் முட்டையக் காட்டினாரு."

சரிவு திறந்துவிட்டது. ஆனால் செங்குத்தான சரிவு, சக்கரத்துக்கு ஆகாது. நான்கு பேர் கீழே நின்றார்கள், நாற்காலி மேலே. நடுவில் இருந்த தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. சவரக் கத்தி மறுபடி அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது.

மாமா கீழே தண்ணீரைப் பார்த்தார். அந்த நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "தூக்கு," என்றார்.

தக்கை தயங்கினார். "அண்ணே... நாலு பேரு வேணாம்னு நீங்கதானே..."

மாமா இடது கையை உயர்த்தினார். விரல்களை அகல விரித்தார்.

"அஞ்சு."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது மனைவிக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர்கள் நால்வரும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். நாற்காலிக்கு நாலு மூலைதான். ஐந்தாவது ஆள் எதைப் பிடிப்பது? சுற்றிச் சுற்றி வந்தேன். மிதிபலகையைத் தொட்டேன், தக்கையின் முழங்கை இடித்தது.

"நான் எதப் பிடிக்கறது மாமா?"

தூக்கியதும் அவருடைய வலது கை கைப்பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார்.

"இத."

பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமனாரின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. சூடாக இருந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இடம் இன்னும் அப்படியே இருந்தது.

இறங்கினோம். மனைவி தூண்டிலோடு முன்னால் போனாள். தலைக்குமேல் ஆள்காட்டி, போட்டுக்கொடுக்கிற வேலையை விடாமல் கத்திக்கொண்டே வந்தது. பாதிச் சரிவில் என் செருப்பு வழுக்கியது.

"பாத்து சார், பாத்து," என்றார் தக்கை, மூச்சிரைக்க. "நீங்க விழுந்தா நாங்க நாலு பேராயிடுவோம்."

மாமாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, சத்தம் வராத சிரிப்பில் உடம்பெல்லாம் குலுங்கியது. என் கைக்குள் அந்த விரல், அந்த ஒன்று மட்டும், லேசாக அழுத்தியது.