பகல் இரண்டு பத்து

லாயம் காலியாக இருந்தது.

ரம்யாஸ்ரீ ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நேற்று முழுக்க அவளே உதறிப் பரப்பிய புது வைக்கோல் முழங்கால் உயரத்துக்குக் கலையாமல் கிடந்தது. மூலையில் வாளி, சோப்பு, வெந்நீரில் துவைத்து மடித்த ஆறு பழைய துண்டுகள். வைத்தது வைத்தபடி எல்லாம் இருந்தது. குதிரையைத்தான் காணவில்லை.

மணி பதினொன்று நாற்பது.

காலை ஏழு மணிக்குத் தாழம்பூவின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டவுனுக்குக் கிளம்பியிருந்தாள். இரண்டு காம்பு நுனியிலும் மெழுகை உருட்டி ஒட்டியதுபோல மஞ்சளாய் ஒரு பொட்டு. வாலடிச் சதை பஞ்சாய் இளகியிருந்தது. போட்டோ எடுத்துக் கால்நடை டாக்டர் மைத்ரேயிக்கு அனுப்பினாள். ‘இன்றைக்கோ நாளைக்கோ. தனியாக விடு. தொந்தரவு கூடாது’ என்று பதில் வந்தது. லாயத்தின் இன்னொரு சினைக் குதிரை மருதாணியைப் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். தொப்புள் கொடிக்கு அயோடின், வாலைச் சுற்றத் துணிப்பட்டை, கையுறை, கத்தரிக்கோல். அயோடின் கிடைக்கும் ஒரே கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. வாங்கிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் பறந்து வந்தால், இது.

“விருமாண்டி!”

கண்மாய்ப் பக்கமிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வைக்கிற குளம்பு.

கண்மாய்க் கரைக்குக் கீழே, நிழலே இல்லாத பொட்டலில், குதிரைக்காரன் விருமாண்டி தாழம்பூவின் தலைக்கயிற்றைப் பிடித்து வட்டம் வட்டமாக நடத்திக்கொண்டிருந்தான். நடந்து நடந்து தரையில் தடமே விழுந்திருந்தது. குதிரையின் கழுத்தெல்லாம் வேர்வை நுரை. எப்போதும் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும் அதன் வளைந்த காதுகள் பின்னால் மடங்கிக் கிடந்தன. வட்டத்துக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் குடையின் கீழ் அவள் அண்ணன் வெங்கடேஷ்பாபு.

“எத்தனை சுத்து?” என்றாள் விருமாண்டியிடம்.

“முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணுனேன் தாயி. பொறவு விட்டுட்டேன்.”

“எதுக்கு?”

விருமாண்டி அண்ணனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “பொழுது சாயுற மட்டும் நிக்க விடாதேன்னாரு. நின்னா படுக்குமாம். படுத்தா போட்டுருமாம்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்பா பீமாராவ் காலத்துக்கும் முன்பிருந்தே அந்தக் குடும்பம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறது. மதுரை சௌராஷ்டிரக் குடும்பங்களில் மாப்பிள்ளையை ஏற்ற எத்தனையோ முறை அவர்கள் லாயத்துக் குதிரை போயிருக்கிறது. தொழிலோடு ஒரு விதியும் கைமாறி வந்தது. பகலில் குட்டி போட்ட குதிரையை வீட்டில் வைக்கக் கூடாது. வைத்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது. குட்டியின் ஈரம் காயும் முன் தாயையும் குட்டியையும் யாருக்காவது தானமாகக் கொடுத்துவிட வேண்டும். குதிரைகள் அநேகமாக ராத்திரியில்தான் போடும் என்பதால் விதி சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு குதிரைக்கு வெயிலில் வலி எடுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

“ஒன்பதரைக்கே வேர்க்க ஆரம்பிச்சிருச்சு,” என்றான் வெங்கடேஷ்பாபு, குடையை விட்டு வெளியே வராமல். “நான் என்ன செய்யட்டும்? இன்னும் ஏழு மணி நேரம். இருட்டிட்டா குதிரை நம்மளது, குட்டியும் நம்மளது. உனக்காகத்தான் பாக்குறேன்.”

“ஏண்ணா, உனக்கு வயித்தக் கலக்குனா பொழுது சாயட்டும்னு கண்மாயச் சுத்தி வருவியா?”

விருமாண்டிக்கு இருமல் வந்தது.

“பரிகாசம் பண்ணாதே. அப்பா செஞ்சதுதானே?”

“அப்பா செஞ்சதை நான் பாத்தேன். சந்தனம் ஞாபகம் இருக்கா? எனக்குப் பன்னண்டு வயசு. மத்தியானத்துலேர்ந்து நடக்க வச்சாரு. முட்டி மடங்கி விழ விழ எழுப்பி நடக்க வச்சாரு. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுச்சு. சாஸ்திரம் தப்பலை. குட்டி செத்துப் பொறந்துச்சு, மூணா நாள் சந்தனமும் போயிருச்சு. ‘பகல்ல போடலையே, அது போதும்’னு அப்பா ஜாங்கிரி வாங்கிட்டு வந்தாரு. நீ ரெண்டு தின்ன.”

வெங்கடேஷ்பாபு எழுந்தான். விருமாண்டியின் கையிலிருந்த கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்துக்கு மாறினான். வேலைக்காரன் முன்னால் மானத்தை வாங்காதே என்பது அதன் சாரம்.

“வேலைக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன் அண்ணே,” என்றான் விருமாண்டி தமிழில். பன்னிரண்டு வருடமாக அந்தக் குடும்பத்தின் சண்டைகளைக் கேட்டு வருகிறவன்.

ரம்யாஸ்ரீ கயிற்றுக்காக மல்லுக்கட்டவில்லை. தாழம்பூவின் தாடைக்குக் கீழே கைவிட்டு, கொக்கியை ஒரு தட்டு தட்டினாள். கயிறு அண்ணன் கையில் நின்றது. குதிரை லாயத்தைப் பார்த்து நடந்தது.

“ரம்யா! பகல்ல போட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். இன்னைக்கே வண்டி ஏத்திடுவேன்!”

“முதல்ல போடட்டும். அப்புறம் ஏத்து பாப்போம்.”

தண்ணீர் காட்டினாள். குடிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துவிட்டாள். வாலை மடித்துத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டினாள். பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் அவள், நூறு பிள்ளைகளை விசிலில் நிறுத்துகிறவள். மைத்ரேயிக்குப் போன் போட்டாள்.

“நடக்க வச்சாங்களா? எம்புட்டு நேரம்?” டாக்டரின் குரல் மாறியது. “நான் அழகர்கோவில் தாண்டி இருக்கேன். இங்க ஒரு மாட்டுக்குப் பாத்துட்டிருக்கேன், முடிச்சுட்டு வந்து சேர மூணு மணியாயிரும். போனை ஸ்பீக்கர்ல போட்டு வையி. எது வெளிய வந்தாலும் என்ன நிறம்னு சொல்லு.”

“நிறமா?”

“வெள்ளைச் சவ்வு வரணும். வெள்ளைன்னா நீ கையக் கட்டிட்டு நில்லு, அதுவே பாத்துக்கும். சிவப்புன்னா உடனே சொல்லு.”

தாழம்பூ படுத்தது, எழுந்தது, வயிற்றைத் திரும்பிப் பார்த்தது, வைக்கோலைக் காலால் கிளறியது. ஒன்றே முக்காலுக்கு மறுபடி படுத்து, கால்களை நீட்டிவிட்டது. விருமாண்டி சுவரோடு ஒட்டி நின்றான். வாசலில், மூடிய குடையோடு வெங்கடேஷ்பாபு. உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

இரண்டு மணி அடிக்க ஒரு நிமிடம். குதிரை முக்கியது. வாலுக்குக் கீழே ஏதோ புடைத்தது.

ரத்தச் சிவப்பு. வெல்வெட் துணியை உருட்டித் திணித்ததுபோல.

“டாக்டர், சிவப்பு!”

“கிழி!” போன் அலறியது. “நஞ்சுக்கொடி முன்னாடியே கழண்டிருச்சு ரம்யா, உள்ள குட்டிக்கு மூச்சு கிடையாது. எனக்காகக் காத்திருக்காதே. கத்தரிக்கோல எடு, நடுவுல கிழி. இப்பவே!”

தடித்த தோல்போல அது கத்தரிக்கோலுக்கு வழுக்கியது. இரண்டாவது வெட்டில் கிழிந்தது. உள்ளே வெள்ளைச் சவ்வு. அதையும் கையால் பிய்த்தாள். வெதுவெதுவென்று நீர் முழங்கை வரைக்கும் அடித்தது. ஒரு குளம்பு தட்டுப்பட்டது. துழாவினாள். இரண்டாவது குளம்பு, அதற்கு மேலே மூக்கு.

“வந்துருச்சு, ரெண்டு காலும் மூக்கும்!”

“ரெண்டு காலையும் துண்டைச் சுத்திப் பிடி. அது முக்கும்போது மட்டும் இழு. கீழ் நோக்கி.”

இழுத்தாள். விருமாண்டி அவள் பின்னால் உட்கார்ந்து இழுத்தான். வழுக்கியது. தாழம்பூவிடம் இனி முக்குவதற்குத் தெம்பு இல்லை. இரண்டு மணி நேரம் பொட்டலில் நடந்தே அதை அது தீர்த்திருந்தது. குட்டியின் நாக்கு நீலமாய்த் தொங்கியது.

“இன்னொரு ஆள் வேணும்!” என்று கத்தினாள், யாரையும் பார்க்காமல்.

குடை தரையில் விழுந்த சத்தம். வெங்கடேஷ்பாபு வேட்டியோடு வைக்கோலில் மண்டியிட்டு, வலது காலைப் பிடித்தான். மூன்று பேரும் சேர்ந்து, ஒருமுறை, இரண்டாம் முறை. தோள் வெளியே வந்தது. அப்புறம் மொத்தக் குட்டியும் சரிந்து அவர்கள் மடியில் விழுந்தது.

அசையவில்லை.

ரம்யாஸ்ரீ மூக்கை வழித்துவிட்டாள். துண்டால் மார்பைத் தேய்த்தாள், தோல் கழன்றுவிடும் போலத் தேய்த்தாள். விருமாண்டி ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டு ஆட்டினான். “ஏய், எந்திரி. இம்புட்டுத் தூரம் வந்துட்டு இப்பப் போயித் தூங்குற?”

குட்டி தும்மியது.

அடுத்து ஒரு தும்மல். விலா விரிந்தது, சுருங்கியது, விரிந்தது.

வெங்கடேஷ்பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம்தான் குட்டியைப் பார்த்தான். இரண்டு பத்து.

“பெட்டை,” என்றான் விருமாண்டி. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

“நஞ்சு மூணு மணி நேரத்துல முழுசா விழணும், நான் வந்து பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்தார். ரம்யாஸ்ரீ அயோடினைத் தொட்டாள். அண்ணன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

“கேளு. இங்க நாம மூணு பேருதான். டாக்டரம்மா வெளியூர்க்காரங்க, அவங்க யாருகிட்ட சொல்லப் போறாங்க? ராத்திரி எட்டு மணின்னு சொல்லிருவோம். தானமும் வேணாம், வண்டியும் வேணாம். தாயும் குட்டியும் உன்கிட்டயே இருக்கட்டும்.”

“நான் ஊமை,” என்றான் விருமாண்டி அவசரமாக.

நல்ல யோசனைதான். ஒரு வார்த்தை போதும். அவளுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. சரி என்று சொல்ல வாய் திறந்தது. அப்போது அண்ணனின் தோளில் கிடந்த தலைக்கயிற்றைப் பார்த்தாள். பத்திரமாகச் சுருட்டி மாட்டியிருந்தான்.

“அடுத்து மருதாணிக்கு ஐப்பசியில நாளு,” என்றாள். “அவளுக்குப் பகல்ல வலி வந்தா?”

அவன் கை தோளிலிருந்த கயிற்றுக்குப் போனது.

“அந்தக் கயித்த எடுப்ப. ஏன்னு கேட்டா, தாழம்பூ ராத்திரிலதானே போட்டா, விதி சரியாத்தானே இருக்குன்னுவ. இன்னைக்குப் பொய் சொன்னா இனி ஒவ்வொண்ணையும் இருட்டுற மட்டும் நடக்க வைக்கணும். என்னால ஆகாது.”

“முகூர்த்த மாசம் ரம்யா! ஊருக்குத் தெரிஞ்சா ஒரு மாப்பிள்ளை நம்ம குதிரை மேல ஏற மாட்டான்.”

“நடந்து வரட்டும். உடம்புக்கு நல்லது.”

அவள் எழுந்தாள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, போனை எடுத்தாள். குட்டி நான்கு காலையும் நாலா பக்கம் பரப்பி எழ முயன்றுகொண்டிருந்தது. வாசல் வெயில் அதன் ஈர முதுகில் பளீரென்று அடித்தது. அந்த வெயிலோடு சேர்த்தே வீடியோ எடுத்தாள். “தாழம்பூ குட்டி போட்டாச்சு. பெட்டைக் குட்டி. பகல் ரெண்டு பத்து,” என்று தெளிவாகச் சொன்னாள். முந்நூறு பேர் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள்.

“அழிச்சிரு. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி அழிச்சிரு.”

“பத்து பேர் பாத்தாச்சு.”

வெங்கடேஷ்பாபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முகத்தில் கோபம் இல்லை. வேறு எதுவோ இருந்தது. “உனக்கென்ன. வீட்டுத் தலைவனுக்குத்தானே ஆகாது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு ரம்யா. நான் போயிட்டா?”

இத்தனை நேரக் கத்தலுக்கும் அடியில் இருந்தது இதுதானா? அவளுக்கு முதல் தடவையாக அவன்மேல் பரிதாபம் வந்தது. பரிதாபத்துக்காகக் குரலை இறக்கவில்லை.

“உனக்கு அம்புட்டு பயமா இருந்தா, ஒண்ணு செய். இன்னையிலேர்ந்து இந்த லாயத்துக்கு நான் தலை. போர்டுல பேரை மாத்து. நாளைக்கு எல்லாருக்கும் சொல்லிரு. தலைவனுக்கு ஆகாதது எதுவா இருந்தாலும் அது என்னைத் தேடி வரட்டும். விலாசம் கீழக்குயில்குடி, கண்மாய்க் கரை. பகல்ல வந்தாலும் சரி, ராத்திரி வந்தாலும் சரி, இருப்பேன்.”

அவன் தங்கையைப் பார்த்தான். முழங்கை வரை ரத்தம், தலைமுடியெல்லாம் வைக்கோல்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். “ஹரிராம். வெள்ளிக்கிழமை அவர் பையன் கல்யாணத்துக்கு மருதாணியைச் சொல்லி வச்சிருக்காரு.” மணி நின்றது. மறுபடி அடித்தது. “என்னன்னு சொல்றது?”

“நடந்ததை.”

“வேணாம்னு சொல்லிட்டார்னா?”

“வெள்ளிக்கிழமை நமக்கு லீவு.”

குட்டி எழுந்தது. இரண்டு நொடி நின்றது. பொத்தென்று விழுந்தது. தாழம்பூ கழுத்தை நீட்டி, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்தது. குட்டி மறுபடி முன்னங்காலை ஊன்றியது.

போன் விடாமல் அடித்தது. வெங்கடேஷ்பாபு பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனான். பிறகு அதைத் தொடாமலே போனைத் தங்கையிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

“சொல்லுங்க சார். லாயத்து முதலாளி ரம்யாஸ்ரீதான் பேசுறேன். ஆமா, பகல்லதான் போட்டுச்சு. நல்ல உச்சிவெயில். வெள்ளிக்கிழமைக்குக் குதிரை வேணுமா, வேணாமா?”