எண்பதும் ஐம்பத்திரண்டும்

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு மேஜை. புள்ளியியல் படித்துவிட்டு இருபத்தாறு வயதில் வந்து உட்கார்ந்தவள்தான். அங்கே எல்லோருக்கும் அவள் கணக்குப்புலி. மார்பகப் புற்றுநோய் வழிவழியாக வரும் குடும்பங்களில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று எண்ணுவது அவள் வேலை.

பெரிய டாக்டர் முன்பே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு உள்ள நூறு பெண்களில் எண்பது பேருக்கு நோய் வரும். அவளுக்குக் கோளாறு இல்லை; அக்காவுக்கு இருந்தது. அம்மா அந்த நோயில் போன மறு வருஷமே, அந்த எண்பதை நம்பி அக்கா இரண்டு மார்பகங்களையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டாள்.

நாலு வருஷம் கழித்துத்தான் கணக்குப்புலிக்கு ஒன்று உறைத்தது. ஒரே வீட்டில் மூன்று நான்கு பேரைப் பறிகொடுத்தவர்கள்தான் டாக்டரைத் தேடி வந்திருந்தார்கள். கோளாறு இருந்தும் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? அந்தக் கோணலை நிமிர்த்திப் போட்டாள். ஐம்பத்திரண்டு வந்தது. மூன்று மாதம் எப்படிப் போட்டுப் பார்த்தும் அது அசையவில்லை.

எண்பதை நம்பி எத்தனை பேர் அறுவை செய்துகொண்டார்கள் என்று மட்டும் பெரிய டாக்டர் கேட்டார். நாற்பத்தொன்று என்றாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர், பிறகு அவள் எழுதிய கட்டுரையில் தானும் கையெழுத்துப் போட்டார்.

அச்சில் வருமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, கை நிற்காமலே கேட்டுக்கொண்டாள்.

"அப்போ எனக்கு வராமலே போயிருக்கலாம்?"

"போயிருக்கலாம். வந்தும் இருக்கலாம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி."

"இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. அதான் கோவமா வருது."

அதன்பின் ஐந்து மாதம் அக்கா போனை எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மகளோடு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள். இருபத்துமூன்று வயதுப் பெண். அவளுக்கும் கோளாறு இருப்பதாகப் பரிசோதனையில் வந்திருந்தது.

"எங்கிட்ட சொன்ன மாதிரி இவகிட்டயும் மறைக்காம சொல்லு."

கணக்குப்புலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு என்பது எழுபது வயது வரைக்கும் சேர்த்த கணக்கு, முப்பதுக்குள் வருவது அபூர்வம், ஆனாலும் அலட்சியம் கூடாது என்றெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு யோசிக்கிறேன் என்றாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அக்கா, சாப்பிட்டியா என்று தங்கையைக் கேட்டாள். இல்லை என்றதும் மூவரும் கேன்டீனுக்கு இறங்கினார்கள்.