கால்வாய்ப் படியில் கிடத்திய காவலன்

என் முழங்கை அவன் கழுத்தைச் சுற்றியிருக்கிறது, ரொம்ப இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை, அவனுடைய இரும்புத் தொப்பி என் மோவாயில் இடிக்கிறது, கால்கள் தரையை உதைத்துப் பார்த்துவிட்டு ஓய்கின்றன, மூச்சு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, வர வேண்டும், அது நின்றால் நான் தோற்றேன், அதனால் மடித்த துண்டை அடுக்கில் வைப்பதுபோல அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கால்வாய்ப் படிக்கட்டின் இருட்டில் கிடத்துகிறேன், தலை மேல்படியில், கால் கீழ்ப்படியில், கீழே கறுப்பாகத் தண்ணீர் நெளிகிறது, தூங்கு ராசா, விடிந்ததும் தலைவலியோடு எழுந்து உன் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுக்கிறேன், உள்ளங்கை வேர்த்து வழிகிறது, தலைக்கு மேலே ஃபேன் வெக்கையைக் கிண்டிக்கொண்டிருக்கிறது, கீழே என் கடையில் துண்டுப் பேல் உருட்டுகிற சத்தம், ஜன்னலுக்கு வெளியே ஈரோட்டு மத்தியான வெயில், ஆனால் என் கண்ணில் இன்னும் அந்த ஊரின் ராத்திரிதான் ஒட்டியிருக்கிறது, கல் பாலங்களும் பனியும் ஆடுகிற லாந்தர் வெளிச்சமுமாக, பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகப் பட்டணம், அதன் கோட்டைக்குள் புகுந்து ஒரு முத்திரை மோதிரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு, எடுப்பதற்கு நடுவில் எத்தனை பேரை வெட்டிச் சாய்க்கிறோம் என்பது நம் இஷ்டம், ஒருவரையும் சாய்க்காமல் வருவது என் இஷ்டம், இல்லை, என் மகள் தாரணியின் இஷ்டம்.

தீபாவளிக்கு வந்தவள் பெங்களூருக்குத் திரும்பும்போது இந்தக் கம்ப்யூட்டரை எனக்கு விட்டுவிட்டுப் போனாள், அப்பா, கால ஆட்டிக்கிட்டே இருக்கறீங்க, அதுக்குப் பதிலா கையவாச்சும் ஆட்டுங்க என்று, அப்புறம் ஃபோனில், வெட்டிக்கிட்டே போனா யாரு வேணும்னாலும் முடிச்சுருவாங்கப்பா, ஒருத்தரையும் கொல்லாம முடிச்சுக் காட்டுங்க பாக்கலாம், உங்களால ஆகாது, நீங்க ஏவாரி என்றாள், ஏவாரின்னா என்ன கண்ணு, கொலகாரனா என்றேன், அத நானா சொல்லோணும், எதுத்த கடையில சென்னி மாமா உக்காந்திருக்காருல்ல, அவரக் கேளுங்க என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு என் சட்டைப் பையில் சில்லறைபோலக் கிடந்து நடக்கும்போதெல்லாம் சத்தம் போடுகிறது. சென்னி மாமா என்பது சென்னியப்பன், என் மனைவி வளர்மதியின் தம்பி, என் கடைக்கு நேர் எதிரே அவன் கடை, நான் விற்பதும் துண்டு, அவன் விற்பதும் துண்டு, எனக்குப் பின்னால் சொந்தத் தறி ஷெட் ஓடுகிறது, அவனுக்குப் பின்னால் அவனுடைய வாய் மட்டும்தான் ஓடுகிறது, ஆனால் என்ன வாய், தெருமுனையில் போகிற ஆளைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, துண்டு வாங்க வராதவனுக்கும் துண்டு கட்டிக் கொடுத்து அனுப்புகிற வாய்.

கொல்லாமல் விளையாடுவதும் ஒரு வியாபாரம்தான் என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது, ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஏதோ புள்ளிகள் தருகிறார்கள், அதைக் கொடுத்து வித்தை வாங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் வாள்வீச்சு வாங்குவார்களாம், நான் சத்தமில்லாத கால் வாங்கினேன், பூட்டுத் திறக்கிற விரல் வாங்கினேன், தைத்தால் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்கிற தூக்க அம்பு வாங்கினேன், வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கொல்லாதவனுக்குத்தான் வேலை அதிகம், ஒவ்வொரு காவல்காரனும் எங்கே நிற்பான், எப்போது திரும்புவான், எதைப் பற்றிப் புலம்புவான் என்று பதுங்கியிருந்து கேட்க வேண்டியிருக்கிறது, ஒருவன் பூட்ஸ் ஓட்டையென்று புலம்புகிறான், ஒருவனுக்கு மாமியார் வந்து இறங்கியிருக்கிறாள், போகச் சொல்ல முடியவில்லை, அவர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ், என் காதில் விழுவதெல்லாம் நம் ஊர்ப் பேச்சு, ஏனுங் மாமா, இன்னைக்காச்சும் சம்பளம் போடுவாங்களாங்க என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் லாந்தரைத் தூக்கிப் பிடிக்கிறான், அது லாந்தர் இல்லை, பெட்ரோமாக்ஸ், நான் சின்னப் பையனாகக் கருங்கல்பாளையத்து மாட்டுச் சந்தையில் மாடுகளின் வயிற்றுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருக்கிறேன், சாணமும் வைக்கோலும் பீடிப்புகையும் கலந்த விடியற்காலை, என் தலைக்கு மேலே அப்பாவும் யாரோ ஒரு கன்னடத்துக்காரரும் கை குலுக்குவதுபோல நிற்கிறார்கள், கையைத் துண்டு மூடியிருக்கிறது, துண்டுக்குள் விரல்கணக்கில் விலை நடக்கிறது, விரல் விரலைப் பிடிக்கிறது, விடுகிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை, இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், துண்டு விலகும்போது மாடு கைமாறிவிட்டது, என்ன விலை என்று கேட்டால் அப்பா என்னை முறைக்கிறார், துண்டுக்குள்ள நடந்தது துண்டோட போச்சு, அப்படித்தான் அங்கே எல்லாரும், தோற்றவன் எவ்வளவில் தோற்றான் என்பது ஊருக்குத் தெரியாது, அவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் அதே முகத்தோடு வரலாம்.

மாட்டை விட்டுவிட்டு ஜவுளிக்கு வந்தோம், எங்கள் தெருவில் பாதிக் கடை அப்படி வந்தவைதான், ஆனால் துண்டை விடவில்லை, இன்றைக்கும் ஒரே ஆர்டருக்கு இரண்டு பேர் நின்றால் தரகர் பொங்கியண்ணன் தோளில் துண்டோடு வந்துவிடுவார், இன்று சாயங்காலமும் வரப்போகிறார், ஐதராபாத்தில் ஓட்டல் ஓட்டலாகத் துண்டு சப்ளை செய்கிற ஒருவர் வருகிறார், வருஷம் முழுக்க ஓடக்கூடிய ஆர்டர், நிற்பது நானும் சென்னியும், இது இல்லாவிட்டால் சென்னி பொங்கலுக்குள் ஷட்டரை இறக்கிவிடுவான், இது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாததுபோல வாசலில் நின்று போகிற வருகிறவரையெல்லாம் வாங்கண்ணா வாங்கண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அந்தச் சத்தம் இந்த மாடி வரைக்கும் வருகிறது, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன், வெக்கை, திறக்கிறேன், உட்காருகிறேன், கால் தானாக ஆடுகிறது. சாப்பிடும்போதே வளர்மதி ஆரம்பித்துவிட்டாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஏனுங்க, எந்தம்பியக் கொன்னுபோடாதீங்க என்றாள், நான் எதுக்குப் புள்ள அவனக் கொல்றேன், ஆர்டர் எனக்கு வந்தா அவன எங்கூட வந்து உக்காரச் சொல்றேன், மாசாமாசம் சம்பளம், ஃபேனுக்கு அடியில நாற்காலி, தலவலியே இல்ல அவனுக்கு என்றேன், அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள், நின்னுக்கிட்டு ஆளக் கூப்புடறவன நாற்காலில உக்கார வெக்கறீங்களாக்கும், பேசாம ஊதுபத்தி ஒண்ணும் பக்கத்துல பத்த வெச்சிருங்க என்றாள், நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, மோர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டாள், ஆனால் யோசித்துப் பார்த்தால் என் யோசனையில் என்ன குறை, கழுத்தைப் பிடித்து, மெல்லத் தூங்கவைத்து, மேல்படியில் தலை வைத்துக் கிடத்துவது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, விடிந்தால் எழுந்துகொள்வான்.

கோட்டைக்குள் போகிறேன், சமையல்கட்டு வழியாக, மேசைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், மூச்சை இங்கேயும் அடக்கிக்கொள்கிறேன், அங்கேயும் அடக்கிக்கொள்கிறேன், மோதிரம் பெட்டியில் இருக்கிறது, எடுத்துவிட்டேன், கூரை வழியாக இறங்கி மதில் ஓரமாக ஓடிப் படகில் விழுகிறேன், முடிந்தது, நாற்காலியிலிருந்து எழுந்து துள்ளுகிறேன், தாரணிக் கண்ணு, ஏவாரியப் பாத்தயா என்று சுவரிடம் சொல்கிறேன், திரையில் கணக்குச் சொல்லும் பக்கம் விரிகிறது, என்னைக் கண்டவர் எவருமில்லை, அபாய மணி அடித்தவர் எவருமில்லை, கொல்லப்பட்டவர், ஒருவர்.

ஒருவரா, எந்த ஒருவர், நான் யாரையும் கொல்லவில்லையே, இது என்ன அநியாயம், எடை போடும்போது தட்டை அழுத்துகிற கடைக்காரனிடம் பாய்வதுபோலத் திரையிடம் பாய்கிறேன், சரியாப் பாரு, மறுபடி பாரு, அது அசையவில்லை, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன், பூட்ஸ் ஓட்டைக்காரனா, அவனை நான் தொடவே இல்லை, மாமியார் வந்து இறங்கியவனா, அம்பு தைத்து வைக்கோல்மேல் விழுந்தான், குறட்டை விட்டான், நானே கேட்டேன், சமையல்காரியைக் கண்ணால் பார்த்ததோடு சரி, ஒவ்வொரு முகமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், சாயம் போன துணியைச் சோதிப்பதுபோல, எல்லாரும் மூச்சு விடுகிறார்கள், பொறுக்க முடியாமல் தாரணிக்கு ஃபோன் போட்டேன், ஆபீஸில் இருக்கிறாள், குசுகுசுவென்று பேசினாள், கால்வாய்ப் படியில யாரையாச்சும் படுக்க வெச்சீங்களாப்பா, ஆமாம், பத்திரமா இருட்டுல வெச்சேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு என்றேன், அடக் கடவுளே, அங்க கடல் தண்ணி ஏறும்ப்பா, நீங்க மோதரம் எடுக்கறதுக்குள்ள படியெல்லாம் முங்கிரும், மயங்கிக் கெடக்கறவன் எப்படி எந்திரிப்பான், நான் படுக்கத்தான் வெச்சேன் கண்ணு, கொன்னது தண்ணிதானே, தண்ணி பேர்ல எழுதச் சொல்லு என்றேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது, பேரம் பேசாதீங்கப்பா, எந்திரிச்சு ஓட முடியாத எடத்துல அவன வெச்சது நீங்கதானே, அப்ப என்னதான் பண்ணச் சொல்றே என்றேன், தொடாமப் போகோணும், நீங்க வந்து போனதே அவுங்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் சுத்தமான ஆட்டம், சரி வெக்கறேன், மேனேஜர் பாக்கறாரு. ஃபோன் அணைந்துவிட்டது, நான் அப்படியே நிற்கிறேன், கறுப்புத் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுகிறது, முதலில் பூட்ஸ், பிறகு முட்டி, அவன் தூங்குகிறான், நான் அவனுக்குப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நல்ல இடத்தில், வெயில் படாத இடத்தில், ஃபேனுக்கு அடியில், நாற்காலியில், தொப்பி இல்லாமல் அவன் முகம் தெரிகிறது, அது யாருடைய முகம் என்று நான் பார்க்க விரும்பவில்லை, ஜன்னலுக்கு வெளியே வாங்கண்ணா வாங்கண்ணா என்று குரல் கேட்கிறது, பிறகு அந்தக் குரலே என் பெயர் சொல்லாமல் என்னைக் கூப்பிடுகிறது, மாமோவ், ஆளு வந்தாச்சு, எறங்கி வாங்க, தூங்கிட்டீங்களாட்டம்.

ஐதராபாத்காரர் என் கடைத் திண்டில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், பொங்கியண்ணன் நடுவில், துண்டை உதறி மணிக்கட்டில் போட்டுக்கொண்டார், பேசி வைத்த விலைக்கு மேல் துண்டுக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் விரல், குறைவாகக் கேட்கிறவனுக்கு ஆர்டர், முதலில் சென்னி கையை நுழைத்து எடுத்தான், அவனால் மூன்று விரலுக்குக் கீழே இறங்க முடியாது, இறங்கினால் கையைக் கடிக்கும், என்னால் ஒரே விரலில் முடிக்க முடியும், தறி என்னுடையது, அந்த ஒற்றை விரலைக் காலையிலிருந்தே தயாராக வைத்திருக்கிறேன், இப்போது என் முறை, துண்டுக்குள் கை போகிறது, உள்ளே இருட்டு, கதகதப்பு, மாட்டின் வயிற்றுக்கு அடியில் இருப்பதுபோல, பொங்கியண்ணனின் சொரசொரப்பான விரல்கள் என் விரல்களைத் தேடுகின்றன, ஆட்காட்டி விரல் நீள்கிறது, நீண்டு அவர் உள்ளங்கைக்கு ஒரு மயிரிழையில் நிற்கிறது, எங்கேயோ தண்ணீர் படி ஏறும் சத்தம், வெளியே யாரோ வாளியில் ஊற்றுகிறார்களோ என்னவோ, நான் கையை விரித்து ஐந்து விரல்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் நிமிர்ந்தார், லாந்தர் வெளிச்சம் என்மேல் விழுந்துவிட்டது, கோட்டை வாசலில் வெட்டவெளியில் நிற்கிறேன், விரல்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தடவினார், இதுதானா என்று ஓர் அழுத்தம், இதுதான் என்று நானும் அழுத்தினேன், மழையே காணமுங்களேண்ணா என்றேன், அவர் கண் என் முகத்தில் கொஞ்சம் நின்றது, என் தறியும் என் அடக்க விலையும் தெரிந்த கண், பிறகு லாந்தர் மெல்லத் திரும்பியது, ஆமாமுங், வானம் ஏமாத்துது என்றார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், ஆர்டர் சென்னியப்பனுதுங்க.

சென்னி ஆரம்பித்தான், மாமா, ஆசை மாமா, ஆசை, பெரிய கை பெருசாக் கேட்டுருச்சு, உங்களயே சாச்சுப்போட்டனா இல்லயா, ஏவாரம்னா வயித்துல அடக்கம் வேணும் மாமா, வேணும்னா கடய மூடிட்டு எங்கூட வந்து உக்காருங்க, சம்பளம் போட்டுத் தாறேன், ஃபேனு கூட உண்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், வளர்மதி என் யோசனையை அவனிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது, என் நாக்கில் பதில்கள் வரிசை கட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஆளைத் தூக்கி அடிக்கிற பதில், ஒன்றை அவிழ்த்துவிட்டால்கூடப் போதும், அவன் முகத்திலிருக்கிற வெளிச்சம் அணைந்துவிடும், பொங்கியண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார், நான் விழுங்குகிறேன், இத்தனை வருஷத்தில் சந்தையிலும் கடையிலும் இவ்வளவு கசப்பான ஒன்றை விழுங்கியதில்லை, ஆமாண்டா மாப்ள, ஏமாந்துட்டேன் என்று எட்டி அவனைப் பிடிக்கிறேன், என் முழங்கை அவன் கழுத்தைச் சுற்றியிருக்கிறது, தேங்காயெண்ணெய் வாசமடிக்கிற தலை என் மோவாயில் இடிக்கிறது, கால்கள் தரையை உதைக்கின்றன, சந்தோஷத்தில், மாமா விடுங்க, மூச்சு முட்டுது என்று கத்துகிறான், கத்தட்டும், கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, விட்டுவிடுகிறேன், வாங்க எல்லாரும், டீ என்னோடது என்று கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறான், சாயங்கால வெயிலில் அவன் நிழல் தெரு நீளத்துக்குப் பின்னால் விழுகிறது, நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன், அந்த நிழலுக்குள்ளேயே காலை வைத்து வைத்துச் சத்தமில்லாமல் போகிறேன், அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.